உரிமம் இருக்கிறது, வேலை தெரியுமா? மின் வடிவமைப்பில் குழம்பிப்போன இரண்டு கேள்விகள்

மின்சார வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் உடனே எழும். "லைசன்ஸ் இருக்கிறவரிடம் மட்டும் கொடுங்கள், மற்றவர்களை உள்ளேயே விடாதீர்கள்" என்பது ஒன்று. "காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கையில் வேலை இருக்க வேண்டும்" என்பது மற்றொன்று. இருவரும் ஒரே விஷயத்தில் முரண்படுவதாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கவனித்துக் கேட்டால், முதலாமவர் "தவறு நடந்தால் யார் பொறுப்பு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாமவர் "தவறு நடக்காதபடி செய்யத் தெரியுமா?" என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு கேள்வியும் வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் கட்டடங்கள் தீப்பிடிக்கின்றன.

மின்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மின் வடிவமைப்பு என்று நான் சொல்வது, ஒரு கம்பி இழுப்பதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலையை: எவ்வளவு லோடு வரும், எந்தத் தடிமனில் கேபிள், எந்தப் பிரேக்கர், எர்த் எப்படி என்று தீர்மானிக்கும் வேலை.

முதலில் நான்கு சொற்கள்

பட்டம் என்பது கல்லூரி தருவது. ஒரு பாடத்திட்டத்தைப் படித்துத் தேறியதற்கு அடையாளம்.

சான்றிதழ் என்பது ஒரு பயிற்சி நிறுவனமோ தொழில் சங்கமோ கருவி தயாரிப்பாளரோ தருவது. குறிப்பிட்ட ஒரு விஷயத்தில் பயிற்சி முடித்ததைச் சொல்லும். அது இல்லாமல் வேலை செய்தால் பெரும்பாலும் சட்டம் தடுக்காது.

உரிமம் என்பது அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த வாரியமோ தருவது. இது இல்லாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது அல்லது இந்த வரைபடத்தில் கையெழுத்திடக்கூடாது என்று சட்டம் சொல்லும் இடத்தில்தான் உரிமம் என்ற பேச்சே வருகிறது. கொடுத்தவர்களால் அதைப் பறிக்கவும் முடியும். இந்தக் கடைசிப் பண்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திறமை என்பது யாரும் தர முடியாதது. இந்தக் குறிப்பிட்ட வேலையை, இந்த இடத்தில், பாதுகாப்பாகச் செய்யத் தேவையான அறிவும் பழக்கமும், எங்கே தன் அறிவு முடிகிறது என்ற தெளிவும் சேர்ந்தது அது. மூன்றாவது பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற இரண்டையும்விட அதுதான் கனமானது.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்வோம்

கார் ஓட்ட உரிமம் வாங்கியவர் சாலை விதிகளை அறிந்திருக்கிறார், ஒரு சோதனையில் வண்டியை ஓட்டிக் காட்டியிருக்கிறார். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று பதிவாகியிருக்கிறது. விபத்து நடந்தால் அந்தப் பதிவை வைத்து அவரைப் பிடிக்கலாம், உரிமத்தை ரத்து செய்யலாம். உரிமம் சொல்வது இவ்வளவுதான். மழை கொட்டும் இரவில், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில், முழு பாரத்தோடு அவரால் ஓட்ட முடியுமா என்பதைப் பற்றி அந்த அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. அதே பாதையில் உரிமமே இல்லாமல் நன்றாக ஓட்டக்கூடியவரும் இருக்கலாம். ஆனால் அவர் யாரையாவது மோதிவிட்டால், பாதிக்கப்பட்டவர் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

இந்த ஒப்புமை இதுவரைக்கும்தான் உதவும். கார் ஓட்டத் தெரியாதவர் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொள்வார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும். மின்சாரம் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

முதல் நாளில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்

தவறான கேபிளைப் போட்டாலும் விளக்கு எரியும். எர்த் கம்பி இணைக்கப்படாவிட்டாலும் மோட்டார் ஓடும். ஸ்விட்சைப் போட்டதும் வேலை செய்கிறது என்பதற்கும் வடிவமைப்பு சரி என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. இதை ஒரு கணக்கில் பார்த்தால் புரியும்.

ஒரு மின்சுற்றில் 28 ஆம்பியர் லோடு. அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர். பிரேக்கர் என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சாதனம். அது முதன்மையாகக் காப்பது கேபிளைத்தான். ஆகவே விதி எளிது: லோடைவிட பிரேக்கர் குறையக்கூடாது, பிரேக்கரைவிட கேபிளின் தாங்குதிறன் குறையக்கூடாது. அட்டவணையில் 36 ஆம்பியர் தாங்கும் கேபிள் ஒன்று கிடைக்கிறது. 28, 32, 36. வரிசை சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் அட்டவணையில் உள்ள 36 ஆம்பியர், காற்று 30 டிகிரி செல்சியஸில் இருந்து, அந்தக் கேபிள் மட்டும் தனியாக ஓடினால் கிடைப்பது. நம் கேபிள் ஓடும் கூரைக்கடியில் 40 டிகிரி என்று வைப்போம். கூடவே இன்னும் மூன்று சுற்றுகளின் கேபிள்கள் ஒட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறும். பிவிசி உறை போட்ட கேபிளுக்கு 40 டிகிரியில் 0.87 என்றும், நான்கு சுற்றுகள் சேர்ந்து ஓடுவதற்கு 0.65 என்றும் குறைப்புக் காரணிகளை ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரநிலை தருகிறது. சூழலுக்கு ஏற்றபடி தாங்குதிறனைக் குறைத்துக் கணக்கிடும் இந்த முறைக்கு டீரேட்டிங் என்று பெயர். 36ஐ 0.87ஆலும் 0.65ஆலும் பெருக்கினால் வருவது ஏறக்குறைய 20 ஆம்பியர்.

அதாவது 20 ஆம்பியர் மட்டுமே தாங்கக்கூடிய கேபிளில் 28 ஆம்பியர் ஓடுகிறது. சேர்ந்து ஓடும் மற்ற சுற்றுகளிலும் லோடு இருந்தால், அனுமதித்ததைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்கு வெப்பம் கேபிளில் உருவாகும், ஏனென்றால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். பிரேக்கர் டிரிப் ஆகுமா? ஆகாது. அதன் கண்ணுக்கு 28 என்பது 32க்குள் அடங்கிய நியாயமான எண். கேபிளின் உறை மட்டும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து இறுகும். 10 டிகிரி கூடும்போதெல்லாம் காப்புப்பொருளின் ஆயுள் பாதியாகிறது என்பது இத்துறையில் வெகுகாலமாகப் பயன்படும் தோராயக் கணக்கு. உறை ஒருநாள் வெடித்து விரிசல் விடும்போது, வடிவமைத்தவர் வேறு எத்தனையோ வேலைகளுக்குப் போயிருப்பார்.

இதே கணக்கு உரிமத் தேர்விலும் வரும். "சூழல் வெப்பம் 40 டிகிரி, நான்கு சுற்றுகள் சேர்ந்து ஓடுகின்றன" என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். விடை எழுதுவது பெருக்கல் கணக்கு. வேலை நடக்கும் இடத்தில் அந்த இரண்டு எண்ணையும் யாரும் கையில் கொடுப்பதில்லை. கூரைக்கடியில் எவ்வளவு சூடு ஏறும் என்று போய்ப் பார்க்க வேண்டும். இன்று ஒற்றைக் கேபிள் ஓடும் ட்ரேயில் அடுத்த ஆண்டு இன்னும் மூன்றைப் போடுவார்களா என்று கட்டட உரிமையாளரிடம் கேட்க வேண்டும். தேர்வு அறிவைச் சோதிக்கிறது. கேள்வியில் இல்லாத எண்ணைத் தேடிப் போகும் பழக்கத்தை அது சோதிப்பதில்லை, சோதிக்கவும் முடியாது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மின் வடிவமைப்பில் தவறும் சரியும் முதல் நாளில் ஒன்றுபோலவே தெரியும். தேர்வில் தேறியதும் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண் கிடைத்துவிடுவதில்லை.

அனுபவம் மட்டும் போதுமா?

இப்போது இரண்டாம் குரலுக்கு வருவோம். நல்ல எலக்ட்ரீசியனுக்குத் தெரிந்த பல விஷயங்கள் வரைபடம் போடுகிறவருக்குத் தெரியாது என்பது உண்மை. கேபிளை எவ்வளவு வளைக்கலாம், எந்த இணைப்பு ஆறு மாதத்தில் தளரும், எந்த மூலையில் ஸ்க்ரூடிரைவரே நுழையாது என்பதெல்லாம் கை சொல்லிக்கொடுக்கும் பாடம். அதைக் கேட்காத வடிவமைப்பாளர் மோசமான வடிவமைப்பாளர்.

ஆனால் அனுபவம் பாடமாக மாற ஒரு நிபந்தனை இருக்கிறது: செய்த தவறு செய்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே பார்த்தபடி இங்கே பல தவறுகள் தெரிவதில்லை. "இருபது வருஷமாக இப்படித்தான் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது இத்துறையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை, அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் பிரேக்கர் விழுகிறது. நேரடியாக இணைத்த மோட்டார்கள் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறேழு மடங்கு இழுப்பது சாதாரணம். போட்டிருப்பது 32 ஆம்பியர் பி வகை. பி வகைப் பிரேக்கர் தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்குக்குள் உடனே துண்டிக்கும். சி வகை 5 முதல் 10 மடங்குக்குள். அனுபவமுள்ளவர் பியை எடுத்துவிட்டு அதே 32 ஆம்பியரில் சி வகையைப் போடுகிறார். மோட்டார் அழகாக ஓடுகிறது. எல்லாருக்கும் திருப்தி.

அவர் மாற்றியது வேறொன்றையும். மோட்டாரின் உலோக உடலில் மின்கம்பி பட்டுவிட்டால், மின்னோட்டம் எர்த் கம்பி வழியாகத் திரும்பிப் போய் பிரேக்கரை உடனே விழவைக்க வேண்டும். அந்த முழுச் சுற்றுப்பாதையின் மின்தடுப்புக்கு எர்த் லூப் தடுப்பு என்று பெயர். அது 1.1 ஓம் என்று வைப்போம். 230 வோல்ட்டை 1.1ஆல் வகுத்தால் 209 ஆம்பியர். பி வகைக்கு உறுதியாகத் துண்டிக்கத் தேவை 5 மடங்கு, அதாவது 160. 209 போதும், கண் இமைக்கும் நேரத்தில் விழும். சி வகைக்கு உறுதியாகத் தேவை 10 மடங்கு, அதாவது 320. 209 போதாது. பல நொடிகள் ஆகலாம். அந்த நொடிகளில் மோட்டாரின் உடலைத் தொடுபவர் மின்சாரம் ஏறிய உலோகத்தைத் தொடுகிறார். இத்தகைய கடைநிலைச் சுற்றுகளில் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது 0.4 நொடிக்குள் துண்டிப்பு. கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிடி சாதனமும் இருந்தால் நிலைமை மாறும். இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

இந்த மாற்றத்தைச் செய்தவர் நூறு இடங்களில் இப்படிச் செய்திருக்கலாம். நூறிலும் மோட்டார் ஓடியிருக்கும். அவருடைய அனுபவம் நூறு முறை "நீ செய்தது சரி" என்று சொல்லியிருக்கும். லூப் தடுப்பை அளக்கும் மீட்டரை ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் முதல் இடத்திலேயே உண்மை தெரிந்திருக்கும். அளவீடும் கணக்கும் சேராத அனுபவம் தன்னம்பிக்கையை மட்டும் வளர்க்கும். அதனால்தான் அனுபவத்தை ஆண்டுக்கணக்கில் எண்ணுவதை நான் நம்புவதில்லை.

அப்படியானால் உரிமம் எதற்கு?

வாடிக்கையாளரால் வேலையைப் பார்த்து எடைபோட முடியாது என்ற இந்த உண்மையில்தான் உரிமம் பிறக்கிறது. தையல் சரியில்லை என்றால் சட்டையைப் போட்டதும் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேலைக்கு, செய்பவர் மீது முன்கூட்டியே ஒரு குறைந்தபட்சச் சல்லடை வேண்டும், பின்னால் ஒரு கடிவாளமும் வேண்டும்.

அமெரிக்காவில் பொறியாளர்களுக்கு உரிமம் தேவை என்ற முதல் சட்டம் 1907இல் வயோமிங் மாநிலத்தில் வந்தது. நீர்ப்பாசன உரிமைக்கான வரைபடங்களில் பொறியியல் தெரியாதவர்களெல்லாம் பொறியாளர் என்று கையெழுத்திட்டுக்கொண்டிருந்தது அதற்குக் காரணம். டெக்சாஸில் 1937 மார்ச் 18 அன்று நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் எரிவாயுக் கசிவால் வெடிப்பு நேர்ந்து ஏறக்குறைய 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதே ஆண்டில் அந்த மாநிலம் பொறியாளர் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு இடத்திலும் சட்டம் தேடியது ஒன்றுதான்: இந்த வரைபடத்துக்கு நான் பொறுப்பு என்று பெயர் சொல்லி நிற்கும் ஒரு மனிதரை.

அங்கே இன்று நடைமுறை இப்படி: பட்டம், அடிப்படைத் தேர்வு, பெரும்பாலும் நான்கு ஆண்டு வேலை, பிறகு தொழில்முறைத் தேர்வு. மின்துறைக்கான தொழில்முறைத் தேர்வே மூன்று தனித்தனித் தாள்களாக இருக்கிறது. மின்விசை ஒன்று, மின்னணுவியலும் கட்டுப்பாடும் தகவல்தொடர்பும் ஒன்று, கணினிப் பொறியியல் ஒன்று. எதில் தேறினாலும் பெரும்பாலான மாநிலங்களில் கிடைப்பது ஒரே பட்டப்பெயர், ஒரே முத்திரை. கணினிப் பொறியியல் தாளில் தேறியவரின் முத்திரையும், துணைமின்நிலையம் வடிவமைக்கிறவரின் முத்திரையும் வெளியே இருந்து பார்த்தால் வேறுபடாது.

இந்த இடைவெளியைத் தொழிலே அறிந்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைப் பொறியாளர்களின் தேசியச் சங்கம் வைத்திருக்கும் நெறிமுறையில் ஒரு விதி உண்டு: அந்தக் குறிப்பிட்ட துறையில் கல்வியாலோ அனுபவத்தாலோ தகுதி பெற்றிருந்தால்தான் ஒரு பொறியாளர் வேலையை ஏற்க வேண்டும். உரிமமே திறமை என்றிருந்தால் இப்படி ஒரு விதிக்கு வேலையே இல்லை. சட்டம் கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே போகலாமா என்பதை அந்தப் பொறியாளரின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுகிறது. லைசன்ஸ் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுபவர்கள் அறிய வேண்டியது இதைத்தான்.

இரண்டு பக்கமும் நடந்தவை

1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் உள்முற்றத்தில் தொங்கிய நடைமேடைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். மேல்மேடையையும் கீழ்மேடையையும் ஒரே நீளத் தண்டில் தொங்கவிடுவது முதல் வடிவமைப்பு. கட்டும்போது அது இரண்டு தனித் தண்டுகளாக மாற்றப்பட்டது. அதனால் மேல்மேடையின் இணைப்பு இரண்டு மேடைகளின் பாரத்தையும் சுமக்க வேண்டி வந்தது. மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. இது கட்டுமானத் துறையில் நடந்தது என்றாலும் பிரேக்கரை மாற்றிய கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது: சின்னதாகத் தெரிந்த ஒரு மாற்றம், அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காத ஒரு கணம். உரிமம் அந்த விபத்தைத் தடுக்கவில்லை. பிறகு செய்ய வேண்டியதை அது செய்தது. பொறுப்பானவர்கள் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை, அவர்கள் மிசூரி மாநிலத்தில் தங்கள் உரிமங்களை இழந்தார்கள்.

மறுபக்கம் ஆரிகன் மாநிலத்தில் நடந்தது. சுவீடனில் மின் பொறியியல் படித்த ஒருவர், போக்குவரத்து விளக்கில் மஞ்சள் ஒளி எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்ற பழைய சூத்திரத்தில் குறை இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிகளை அந்தச் சூத்திரம் கணக்கில் எடுக்கவில்லை. மாநிலப் பொறியியல் வாரியம், உரிமம் இல்லாமல் பொறியியல் வேலை செய்ததாகவும் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதாகவும் கூறி அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது. வழக்கு நீதிமன்றம் போனது. 2018இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, தன்னைப் பொறியாளர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. வாரியம் கேட்டது "இவர் யார்?" என்று. "கணக்கு சரியா?" என்று கேட்டிருந்தால் விவகாரம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

உரிமம் கேட்கப்படாத இடங்கள்

சில வேலைகளுக்கு உரிமமே தேவையில்லை. அமெரிக்காவில் தொழிற்சாலைகளில் மின்கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களில் பெரும்பாலோருக்கு உரிமம் கிடையாது, பல மாநிலச் சட்டங்கள் அவர்களுக்கு விலக்கு தருகின்றன. பிரிட்டனில் பட்டயப் பொறியாளர் போன்ற சில பட்டப்பெயர்களுக்குத்தான் பாதுகாப்பு, வெறும் பொறியாளர் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம்.

இது அலட்சியம் என்று தோன்றலாம். தயாரிப்புகளில் ஆளைச் சோதிப்பதற்குப் பதில் பொருளைச் சோதிக்கிறார்கள். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்யப்படும் சார்ஜரில் சிலவற்றை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சூடாக்கலாம், உயர் மின்னழுத்தம் கொடுக்கலாம், வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்க்கலாம். ஒரு கட்டடத்தின் மின்னமைப்பு ஒன்றே ஒன்று. அதைத் தீப்பிடிக்க வைத்துச் சோதிக்க முடியாது. ஆகவே அங்கே சோதிக்கக்கூடியதாக மிஞ்சுவது மனிதர் மட்டும். எங்கே உரிமம் கேட்கிறார்கள், எங்கே கேட்பதில்லை என்ற புதிரின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டில் அவிழ்ந்துவிடும்.

வடிவமைப்பாளரிடம் என்ன கேட்பது

சட்டம் உரிமம் கேட்கும் வேலையில் உரிமம் இல்லாதவரிடம் போகாதீர்கள். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. பிரச்சினை வந்தால் ஆய்வாளரும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான். உரிமம் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா, எந்த வகை வேலைக்கானது என்பதை வழங்கிய வாரியத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் திறமை பற்றிய பேச்சு ஆரம்பிக்க வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்காதீர்கள். இதே மாதிரி, இதே அளவில் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேபிள் அளவுக்கான கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சூழல் வெப்பம் என்ன எடுத்துக்கொண்டீர்கள், ஏன் என்று மட்டும் கேளுங்கள். இடத்தைப் பார்த்தவர் ஓர் எண்ணையும் ஒரு காரணத்தையும் சொல்வார். பார்க்காதவர் "அதெல்லாம் ஸ்டாண்டர்டுதான் சார்" என்பார்.

வேலை முடிந்ததும் சோதனை அறிக்கை கேளுங்கள். எர்த் லூப் தடுப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு வந்தது, காப்புத் தடுப்பு (மின்சாரம் கசியாமல் கம்பியின் உறை தடுக்கும் அளவு) எவ்வளவு, ஆர்சிடி எத்தனை மில்லிநொடியில் விழுந்தது என்று எண்கள் அதில் இருக்க வேண்டும். எண்களுக்குப் பதில் எல்லாக் கட்டத்திலும் "சரி" என்று எழுதிய தாள் சோதனை அறிக்கை ஆகாது.

நான் தவறாமல் கேட்கும் கேள்வி இன்னொன்று உண்டு: "இந்த வேலையில் எந்தப் பகுதியை நீங்களே முடிவு செய்யாமல் வேறொருவரிடம் கேட்பீர்கள்?" ஜெனரேட்டரும் மின்வாரிய இணைப்பும் மாறும் இடத்தில் நியூட்ரலை எப்படிக் கையாள்வது என்று ஒருவர் சொல்லலாம். இடிதாங்கி என் வேலை அல்ல, அதற்கு ஒருவரைக் கூட்டி வருவேன் என்று இன்னொருவர் சொல்லலாம். அப்படிச் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்க எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. "எல்லாமே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தால், உரிமம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும், அந்த வரைபடத்தை இன்னொருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் கம்பி இழுக்கச் சொல்வேன்.